வெள்ளிக்கிழமை வரைந்த பாலம்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் சிக்கனம். நேரில் கூப்பிடும்போது 'மேடம்' என்பார்கள். தலை மறைந்ததும் 'சிக்கனம் வந்தாச்சா', 'சிக்கனத்துக்கிட்ட கேட்டியா' என்றுதான் பேச்சு. அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்பட்டதில்லை. பட்டப்பெயர் வைப்பவர்கள் என்னென்னவோ வைக்கிறார்கள், நமக்கு இவ்வளவு மரியாதையாக ஒன்று வாய்த்ததே என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். "கல்யாணமான புதுசுல நான் வச்சிருக்க வேண்டிய பேரு அது. உங்க ஆபீஸ்காரங்க முந்திக்கிட்டாங்க" என்பார் அவர்.

அவள் வேலை பார்த்தது வட்டார வரைபட அலுவலகத்தில். மூன்றாவது மாடி, பஸ் டிப்போவின் பின்பக்கத்தைப் பார்த்த ஜன்னல்கள், மொத்தம் பதினாலு பேர். பாதிப் பேர் அளவைக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். மீதிப் பேர் திரை முன்னால் உட்கார்ந்து அவர்கள் கொண்டு வருவதைப் பதிவு செய்வார்கள். சாலை, ஓடை, பாலம், மின்கம்பம், பள்ளிக்கூடம், பம்ப் அறை என்று வட்டாரத்தில் உள்ள அத்தனையும் அந்தப் பதிவில் இருந்தது. அதிலிருந்து ஒரு வரைபடம் இணையத்தில் எந்நேரமும் திறந்து கிடக்கும். மின்வாரிய ஆட்கள் பார்ப்பார்கள், தீயணைப்பு வண்டி பார்க்கும், ஆம்புலன்ஸ் பார்க்கும், பெண் கொடுக்கப் போகும் வீட்டுக்கு ரோடு உண்டா என்று தகப்பன்மாரும் பார்ப்பார்கள்.

அந்த வரைபடத்தை அனுப்பும் சர்வர்கள் அலுவலகத்தில் கிடையாது. எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் யாரோ வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கிளவுட் என்று அதற்குப் பெயர். அந்த வாடகை சர்வர்களை மேய்ப்பதுதான் சிக்கனத்தின் வேலை. அவற்றில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எது சோம்பேறி, எது முசுடு, எதற்கு எப்போது மூச்சு வாங்கும் என்று ஒவ்வொன்றின் குணமும் அவளுக்கு அத்துப்படி.

அவள் பொறுப்பேற்ற காலத்தில் பதினாறு சர்வர்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தன. யாராவது கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தால், ஒரு சர்வர் பதிவிலிருந்து சாலையையும் ஓடையையும் எடுத்துப் புதிதாக ஒரு படம் வரைந்து அனுப்பும். அடுத்த நொடியே பக்கத்து வீட்டுக்காரர் அதே இடத்தைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து வரையும். போட்ட கணக்கையே திரும்பத் திரும்பப் போடும் வேலை. இவ்வளவு இருந்தும் மழைக்காலத்தில், ஜனங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திறக்கும்போது, பதினாறும் திணறிப்போய் வெள்ளைத் திரையைக் காட்டும். வேண்டிய நேரத்தில் கை விரிக்கும்.

சிக்கனம் ஒரு மாதம் லாகைப் படித்தாள். எந்த நேரத்தில் யார் எந்த இடத்தைக் கேட்டார்கள் என்று சர்வர்கள் தாமாகவே வரி வரியாக எழுதி வைக்கும் குறிப்பு அது, லட்சக்கணக்கான வரிகள். வரைபடம் முழுசாகப் போவதில்லை, சதுரம் சதுரமாக வெட்டித்தான் போகும். நூறு பேர் கேட்டால் அதில் தொண்ணூறு பேர் கேட்பது அதே சில சதுரங்களைத்தான்: கடைவீதி, மருத்துவமனை, பஸ் நிலையம், பெரிய சாலை. அவற்றை முன்கூட்டியே வரைந்து அடுக்கி வைத்துவிட்டால்? கேட்கிறவனுக்கு எடுத்துக் கொடுத்தால் போதும், வரைய வேண்டாம். அப்படி ஒரு கிடங்கைக் கட்டினாள். கூட்டம் இல்லாத நேரத்தில் சர்வர்கள் தாமாக அணைந்து, கூட்டம் சேர்ந்ததும் தாமாக எழும்படி செய்தாள். பதினாறு நாலானது. அந்த நாலிலும் மூன்று பெரும்பாலும் தூங்கின. அடுத்து வந்த பெருமழையில் வரைபடம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இயக்குநர் அவளை மேலிடத்துக் கூட்டத்துக்கு அழைத்துப் போய் எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். அவளுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கிடங்கில் ஒரு சங்கடம் உண்டு. அடுக்கி வைத்த படம் பழசாகும். எப்போது திரும்ப வரைவது? ஊருக்குள் உள்ள சதுரங்கள் மணிக்கு ஒரு தரம் என்று வைத்தாள். சமவெளிக் கிராமங்கள் நாளுக்கு ஒரு தரம். மலைப்பக்கம் மட்டும் இடித்தது. அங்கே சதுரங்கள் ஏராளம், எட்டிப் பார்க்க ஆள் இல்லை. தினமும் வரைவதென்றால் நாலு சர்வரும் விடிய விடிய உழைக்க வேண்டும். வாரம் ஒரு தரம், வெள்ளிக்கிழமை விடிகாலை என்று முடிவு செய்தாள். 'ஏழு' என்ற எண்ணை அவள் தட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் அவசரத்தில். இது தற்காலிகம்தான் என்பது அவளுக்கே தெரியும். செய்ய வேண்டியவை என்று அவள் வைத்திருந்த பட்டியலில் பதினாலாவதாக எழுதினாள்: 'எங்கே மாறியதோ அந்தச் சதுரங்களை மட்டும் உடனே திரும்ப வரைய வழி செய்ய வேண்டும்.' பதினாலாவது இரண்டு வருடம் பதினாலாவதாகவே இருந்தது.

அந்த வருடம் மூன்று நாள் விடாமல் மழை. புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு மலைப்பக்கம் போயிருந்த அளவையர் போன் செய்தார். ஆறடிக்கு மேல் இருப்பார், எல்லாருக்கும் அவர் நெட்டை.

"மேடம், ஓடைப்பாலம் போச்சு. இந்தக் கரையில கொஞ்சம் நிக்குது, அந்தக் கரையில கொஞ்சம் நிக்குது. நடுவுல ஒண்ணுமே இல்ல."

"ஆளுங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"யாரும் இல்ல, நல்ல வேளை. போட்டோ அனுப்பிட்டேன். சீக்கிரம் போடச் சொல்லுங்க."

பன்னிரண்டு மணிக்குள் போட்டுவிட்டார்கள். பாலத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. சிக்கனம் தன் திரையில் திறந்து பார்த்து, "வந்துருச்சுப்பா, பளிச்சுனு தெரியுது" என்று நெட்டைக்குச் சொன்னாள். சொன்னது பொய்யில்லை. அலுவலகத் திரைகள் கிடங்குக்குப் போகாமல் நேராகப் பதிவையே பார்க்கும். வெளியே இருக்கிறவர்களுக்குக் கிடைப்பது கிடங்கில் இருப்பது. அந்தச் சதுரம் போன வெள்ளிக்கிழமை வரைந்தது. அதில் பாலம் முழுசாக, கோடு பிசகாமல் நின்றது.

மறுநாள் வியாழக்கிழமை பிற்பகல், ஓடைக்கு அப்பால் உள்ள மலை ஊரில் ஒரு பெண்ணுக்கு மூச்சுத் திணறல் கண்டது. நாற்பத்தோரு வயது, தபால்காரி. ஐந்து ஊர்களுக்கு நடந்தே கடிதம் கொடுப்பவள். ஆஸ்துமா பழைய தொந்தரவுதான், ஈரக்காற்றில் அன்றைக்கு மிஞ்சிவிட்டது. கணவர் தச்சர், அவர்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

மலைப்பக்கம் வழக்கமாக ஓட்டுகிறவர் காய்ச்சலில் படுத்திருந்தார். மாற்றாகக் கிளம்பியவர் சமவெளியில் ஓட்டிப் பழகியவர், முப்பது வயது. மலைக்குப் போக இரண்டு வழி. பாலம் வழியே போனால் இருபத்தைந்து நிமிடம், முகட்டுச் சாலையைச் சுற்றினால் ஐம்பது. முன்னால் பொருத்தியிருந்த டேப்லட்டில் அவர் வரைபடத்தைப் பார்த்தார். பாலத்து வழியில் திருப்பினார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

பாலம் இருந்த இடத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது மூன்று இருபது. அன்றைக்கு அங்கே போன் பேசச் சிக்னல் போதவில்லை, டேப்லட்டில் படம் மட்டும் மெல்ல மெல்ல வந்தது. வண்டியைத் திருப்பவும் அகலம் இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே வந்து, திருப்பி, பிரிவு வரைக்கும் இறங்கி, முகட்டுச் சாலையில் ஏறி அவர் அந்த வீட்டு வாசலில் நிறுத்தியபோது நாலு நாற்பது. தபால்காரி கணவர் தோளில் சாய்ந்தபடி இருந்தாள். உயிர் போய் இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்தில் அதுதான் பேச்சு. விசாரணை அதிகாரி ஒருவரை நியமித்திருந்தார்கள். அவர் காலையிலேயே தன் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். பாலத்தின் மேல் சிவப்புக் குறி. 'படத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிறது, பார்க்காமல் ஓட்டியிருக்கிறார்' என்று எழுதிவிட்டார். மதியத்துக்குள் ஓட்டுநர் சஸ்பெண்ட்.

இயக்குநர் அறையை விட்டு வெளியே வந்து நிம்மதியாகச் சொன்னார். "நம்ம பக்கம் சுத்தம். புதன்கிழமையே போட்டுட்டோம். எல்லாருக்கும் தேங்க்ஸ்."

சிக்கனமும் தலையாட்டினாள். ஐயோ பாவம் என்று சொன்னாள். டீ குடித்தாள். குழாயடியில் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான், இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது அவளுக்கு உறைத்தது. விடிகாலைதான் மலைச் சதுரங்கள் புதிதாக வரையப்பட்டிருக்கும். அதிகாரி பார்த்தது இன்றைய படம். ஓட்டுநர் பார்த்தது?

குழாயை மூடினாளா என்றுகூட அவளுக்கு நினைவில்லை. இருக்கைக்கு வந்து லாகைத் திறந்தாள்.

ஆம்புலன்ஸ்களின் டேப்லட்டுகளுக்கு எண் உண்டு. அந்த வண்டியின் எண்ணைக் கொடுத்து, வியாழன் பிற்பகலைத் தேடினாள். அறுபத்துச் சொச்சம் வரிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் நேரம், சதுரத்தின் எண், எங்கிருந்து எடுத்துக் கொடுத்தது, எப்போது வரைந்தது. மூன்று மணி இரண்டு நிமிடம், பிரிவுச் சாலை. மூன்று ஒன்பது, ஓடைக்கரை. எல்லாவற்றின் நுனியிலும் 'கிடங்கு' என்று இருந்தது, போன வெள்ளிக்கிழமைத் தேதியோடு. மூன்று இருபதில் பாலத்தின் சதுரம். அடுத்த வரியில் அதே இடம், இன்னும் நெருக்கமாக. அடுத்த வரியில் இன்னும் நெருக்கமாக. பிறகு விலகி, மறுபடி நெருங்கி, மறுபடி. மனுஷன் விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். பதினோரு தடவை. பிறகு நெடுநேரம் வரியே இல்லை. ரிவர்ஸில் வந்த நேரம் அது. பிறகு ஒவ்வொரு சதுரமாகப் பின்னால் போய், முகட்டுச் சாலை தொடங்கியது. நாலு நாற்பதுக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

இந்த லாகில் எத்தனை லட்சம் வரிகளை அவள் படித்திருப்பாள். கூட்டம் எவ்வளவு, பாரம் எவ்வளவு என்று எண்ணத்தான் படித்தாள். இப்போதுதான் ஒரு வரிக்குப் பின்னால் ஒரு முகம் தெரிந்தது. நாலு மணிக்கும் நாலு நாற்பதுக்கும் நடுவில் இருந்த வரிகளை அவளால் பார்க்க முடியவில்லை. திரையைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

அன்று பிற்பகல் யாரிடமும் பேசாமல் பட்டியலின் பதினாலாவது வேலையைச் செய்தாள். பதிவில் எது மாறினாலும் அதைத் தொடும் சதுரங்களை மட்டும் கிடங்கிலிருந்து தூக்கிவிட்டுப் புதிதாக வரைய வைக்க வேண்டும். அவ்வளவுதான். பதினோரு வரி. எழுதி, சோதித்துப் பார்த்து, ஓடவிட இரண்டரை மணி நேரம். பாலத்தின் குறியை எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள். பதினெட்டுச் சதுரங்கள் மாறின. தூங்கிய சர்வர்களில் ஒன்றுகூட எழவில்லை. செலவு என்று சொல்ல ஒரு பைசா ஏறவில்லை.

பெரிய வேலையாக இருந்திருக்கலாம். ஆறு மாதம் பிடிக்கும், முடியாது, ஆள் இல்லை என்று இருந்திருக்கலாம். இவ்வளவு சின்ன வேலையாக இருந்ததுதான் அவளால் தாங்கமுடியாமல் போயிற்று. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தலைவலி என்று நினைத்து நெட்டை ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார்.

சாயங்காலம் கணவர் கடையை அடைத்துவிட்டு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் வெளியூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"யாராவது உன்ன கேட்டாங்களா?"

"யாருக்கும் தெரியாதுங்க. இப்ப தெறந்து பாத்தா சரியா இருக்கு. லாகுல மட்டுந்தான் இருக்கு. அதுவும் முப்பது நாள்ல தானா அழிஞ்சிரும். எடத்த அடைக்குதுன்னு நான்தான் அப்படி வச்சேன்."

"அந்த டிரைவர்?"

"சஸ்பெண்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"பொண்ணு படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"தெரியும்."

"நாளைக்கு உன் வேலைக்கு ஏதாவது ஆனா, என் கடைய நம்பி..."

"தெரியுங்க."

"இல்ல, ஒரு புருஷன் சொல்ல வேண்டியது அது. சொல்லிட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இப்ப நீ எழுத வேண்டியத எழுது. நான் அரிசி வைக்கிறேன்."

சனிக்கிழமை அவள் இரண்டு பக்கத்தில் எழுதி, லாகின் வரிகளையும் அச்செடுத்துச் சேர்த்து, இயக்குநரிடம் கொடுத்தாள். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. படித்து முடித்ததும் முகம் செத்துவிட்டது.

"இந்த ஏழு நாள் பைல்ல என் கையெழுத்தும் இருக்கும்மா."

"இருக்கு சார்."

"சிஸ்டம் சொன்னபடிதான் வேலை செஞ்சிருக்கு. இதுல தப்புன்னு எதச் சொல்றீங்க?"

"சொன்னதுதான் சார் தப்பு. சொன்னது நான்."

"பாக்கலாம். வச்சிட்டுப் போங்க."

காகிதம் மேசை இழுப்பறைக்குள் போனது. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. கேட்டால், 'பாத்துட்டு இருக்கேன்' என்பார். கடைசியில், 'போனவங்க திரும்பி வரப் போறாங்களா?' என்று கெஞ்சுகிற குரலில் கேட்டார். இருபத்திரண்டாம் நாள் சிக்கனம் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, இன்னொரு பிரதியோடு விசாரணை அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனாள். வராந்தாவில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அவர் வரிவரியாக விரல் வைத்துப் படித்தார்.

"நீங்க கொண்டு வரலைன்னா இது எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதும்மா."

"ஆமாங்க."

"பின்ன எதுக்குக் கொண்டு வந்தீங்க?"

"அந்தத் தம்பி வழி தப்பலைங்க" என்று மட்டும் சொன்னாள்.

பத்து நாளில் சஸ்பெண்டை ரத்து செய்தார்கள். ஆனால் ஓட்டுநர் வேலைக்குத் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டதும் அவள் விசாரித்துக்கொண்டு போனாள். மச்சானின் டயர் கடையில் டியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள். யார் என்று சொன்னதும் எழுந்து, ஸ்டூலைத் துணியால் தட்டிப் போட்டார். அந்த மரியாதைதான் அவளுக்கு வலித்தது.

"உங்களால வேலை திரும்பக் கெடச்சுதுன்னு சொன்னாங்க அக்கா."

"போனதே என்னாலதான் தம்பி."

அவர் கொஞ்ச நேரம் தண்ணீர்த் தொட்டியில் டியூப்பை அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார்.

"அன்னைக்கு நான் வண்டிய விட்டு எறங்கி நின்னேன் அக்கா. எதுத்தாப்புல பாலம் இல்ல. கையில படத்துல இருக்கு. இத பாக்கறேன், அத பாக்கறேன். நாமதான் வேற எடத்துக்கு வந்துட்டமோன்னு படத்த இழுத்து இழுத்துப் பாக்கறேன். கண்ணு சொல்றத நம்ப எனக்கு அத்தன நேரம் ஆச்சு. பாத்த ஒடனே திரும்பியிருந்தா ஒரு அஞ்சு நிமிஷம் மிஞ்சியிருக்கும்ல?"

"அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் மாறியிருக்காதுப்பா."

"நீங்க சொல்றீங்க. நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கறேன்."

"நீ வேலைக்குத் திரும்பப் போயிடு தம்பி."

"வண்டி ஓட்டினா வளைவுக்கு வளைவு எறங்கி, ரோடு இருக்கான்னு பாத்துட்டுத்தான் ஏறறேன் அக்கா. இங்க பரவாயில்ல. வர்ற வண்டி எல்லாம் நின்னுதான் கெடக்கும்."

அவர் அவளைத் திட்டவில்லை. கிளம்பும்போது ரோட்டைத் தாண்டும் வரைக்கும் கூட வந்தார்.

தச்சரைப் பார்க்கப் போக அவளுக்கு மேலும் இரண்டு மாதம் பிடித்தது. கணவரும் வந்தார். பஸ் முகட்டுச் சாலையில் சுற்றிச் சுற்றி ஏறியது. அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவும் அவளுக்கு எண்ணாகத் தெரியும். கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இத்தனை வீடுகள் இருக்கின்றன, துணி காய்கிறது, நாய் குரைக்கிறது, பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தைகள் மழைக்கோட்டில் போகின்றன.

தச்சர் ஒரு கதவுக்கு இழைப்புளி ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தது, பாதியில் குழறிவிட்டது. அவர் சுருள் சுருளாக விழுந்த மரச்சீவலைக் காலால் ஒதுக்கினார்.

"ஊருக்குள்ள மணிக்கு ஒரு தரமா?"

"ஆமாங்க."

"இங்க மட்டும் ஏன் ஏழு நாளு?"

"இந்தப் பக்கம் அதிகம் பேர் பாக்கறதில்லைன்னு..."

"பாக்கறதில்லதான்" என்றார் அவர். கோபமே இல்லை. மழை பெய்தது என்றால் ஆமாம் பெய்தது என்பது போலச் சொன்னார். "அவளுக்குப் பதிலா இன்னும் ஆள் போடல. வாரத்துக்கு ஒரு நாள் வண்டி வந்து எல்லாக் கடுதாசியையும் மொத்தமா எங்கிட்ட போட்டுட்டுப் போகுது. வந்து வாங்கிக்கிறாங்க."

உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் கொடுத்தார். பிறகு, அவள் கேட்காமலே சொன்னார்.

"போன் பண்ணப்ப நானே சொல்லியிருக்கலாம், பாலம் இல்ல, சுத்தி வாங்கன்னு. சொல்லத் தோணல. முந்தின நாள்தான் ஒரு நெட்டையான ஆளு வந்து, அளந்து, போட்டோ புடிச்சிட்டுப் போனாரு. அதான் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சிட்டேன்."

திரும்பும் பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நின்றபோது சிக்கனம் வாய்விட்டு அழுதாள். கணவர் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் வந்தபோது கையைக் காட்டி, போகச் சொல்லிவிட்டார். அடுத்த பஸ் ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்தது.

விசாரணை அறிக்கை வெளிவந்தபோது அதில் 'தொழில்நுட்பக் காரணம்' என்று இரண்டே சொற்கள் இருந்தன. அவள் பெயரும் இல்லை, இயக்குநர் பெயரும் இல்லை. மெமோ வரும், விளக்கம் கேட்பார்கள், வேறு ஊருக்கு மாற்றுவார்கள் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. இயக்குநர் நல்லபடியாக ஓய்வு பெற்றார். வழியனுப்பும் கூட்டத்தில் சிக்கனத்தின் சேவையைப் பாராட்டிப் பேசினார். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

அடுத்து வந்த இயக்குநரிடம் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: மாதத்தில் நாலு நாள் அளவையர்களோடு மலைப்பக்கம் போக அனுமதி. சர்வர் பார்க்கிறவளுக்கு அங்கே என்ன வேலை என்று அவருக்குப் புரியவில்லை. கொடுத்தார். நெட்டை முன்னால் போவார், அவள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போவாள். மரப்பலகைப் பாலம், ஊற்று, ஒற்றையடிப் பாதை, வழுக்கும் இறக்கம் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்வாள். "இதையெல்லாம் யாரு மேடம் பாக்கப் போறாங்க?" என்று நெட்டை ஒருமுறை கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். நாலு வருடம் போனாள். பிறகு முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

கடைசித் தடவை போனபோது தச்சர் வீடு பூட்டிக் கிடந்தது. வெளியூரில் இருக்கும் தம்பியோடு போய்விட்டார், இனி வரமாட்டார் என்று பக்கத்தில் சொன்னார்கள். வீடுகளைச் சரிபார்ப்பதும் அந்த நடையில் ஒரு வேலை. நெட்டை கருவியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். "குடுங்க" என்று வாங்கி, அந்த வீட்டுக்கு நேராக 'காலி' என்று அவளே குறித்தாள். பிறகு இரண்டு பேரும் அடுத்த வீட்டுக்கு நடந்தார்கள்.